சொல்வதை எழுதுபவர்

உட்காருங்கள் தம்பி. அதில் வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் பொய். இதில் உட்காருங்கள்.

பெண் குழந்தை, எட்டு வயது, எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை, ஆனால் வீட்டு மிக்சியைக் கழற்றி மறுபடி மாட்டி ஓட விடுகிறாள். அவ்வளவுதானே? போனில் நீங்கள் இருபது நிமிடம் பேசியதன் சாரம் இது. முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியனாக இருந்தவன் நான். ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கேள்வி வரும். நான் முப்பதில் ஒரு பங்காக்குவேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டீர்கள். மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, சாதாரணப் பள்ளியிலேயே விட்டுவைத்துப் பொதுத்தேர்வுக்குச் சலுகை வாங்குவது. மருத்துவர் சான்று கொடுத்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தனி அறை கிடைக்கும். கேள்வியை வாசித்துக் காட்டவும், பிள்ளை வாயால் சொல்லும் விடையைத் தாளில் எழுதவும் ஓர் ஆசிரியர் கிடைப்பார். அவருக்குச் சொல்வதை எழுதுபவர் என்று பெயர். நான் ஒரே ஒரு முறை அந்த வேலை பார்த்தேன். இதோ பாருங்கள், வலது கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. காம்பஸ். பாடநூல் அதைக் கவராயம் என்று சொல்லும். ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்து மேசையில் நின்றது.

குத்தியவள் பெயர் மோகனப்பிரியா. திருச்செங்கோட்டுப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பன் செங்கோட்டுவேலு, போர்வெல் ரிக் வண்டியில் துளை போடுகிறவர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். மழைக்காலத்தில் ஊருக்கு வந்து பெண்டாட்டி பிள்ளையைக் குடைவார்.

ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். இடது கைக்காரி. வந்த அன்றே என் துண்டால் அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு கட்டினேன். ஒரு பருவம் முழுக்கத் தமிழ் வகுப்பில் அந்தக் கை கட்டுண்டேதான் இருந்தது. வலது கையால் எழுதினாள். கோழி கிளறியது போல இருக்கும், இருந்தாலும் வலது கை. எழுத்து அவளுக்கு ஒட்டவே இல்லை தம்பி. இன்று சொல்லிக்கொடுத்தால் நாளை புதிது. ககரத்தைக் காட்டினால் ஏதோ முன்பின் பார்த்திராத பூச்சியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

அடித்தேனா என்று கேட்க நினைக்கிறீர்கள், நாகரிகம் தடுக்கிறது. அடித்தேன். பிரம்பை அரசு தடை செய்துவிட்டது. மர ஸ்கேலைத் தடை செய்யவில்லை, அது கணிதக் கருவி. ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் அடித்தால் சத்தம் வரும், வலிக்காது. விளிம்பால் அடித்தால் சத்தமே வராது. நான் வகுப்பில் சத்தத்தை விரும்பாதவன்.

ஒரு முறை அப்பனைக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். அவர் ஆசிரியர் அறை வாசலிலேயே கம்ப்ரசர் ஹோஸ் துண்டு ஒன்றை வண்டியிலிருந்து எடுத்து வந்து அவள் முதுகில் நாலு போட்டார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நீங்க எங்க வேணா அடிச்சுக்கங்க சார். கைய மட்டும் உட்டுருங்க. நாளைக்கு ரிக்கு வேலைக்கு வேணும்."

எழுதுவது கை. நான் கையைத்தானே அடிக்க முடியும்? அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். வாத்தியார் சொன்னால் சரிதான் என்று போய்விட்டார்.

ஏழாம் வகுப்பில் என் மணிக்கட்டைக் கடித்தாள். டிடி ஊசி போட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு பத்தியை நின்று வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லைத் தாண்டவில்லை. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அவள் நடந்து போய்க் கரும்பலகையில் நெற்றியை மோதினாள். மூன்று முறை. மூன்றாவதில் ரத்தம் வந்தது. பலகையைத் துடைக்கச் சொன்னேன், அவளை அல்ல, வேறொரு பெண்ணை. எனக்கும் இரக்கம் உண்டு.

இதே பெண்தான், பள்ளி மோட்டார் நின்றுபோனபோது காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள புஷ்ஷு போச்சுங்க, சுத்தறப்ப உரசுது" என்றாள். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்து அதையே சொல்லி ஐந்நூறு வாங்கிக்கொண்டு போனான். கணக்கு வாத்தியார் போர்டில் கணக்கை எழுதி முடிக்கும் முன்னால் பின்பெஞ்சிலிருந்து விடை வரும். அவர் அதைத் திமிர் என்றார். நான் குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். ஐந்து வருடமாகத் தினமும் நடக்கிற குருட்டு அதிர்ஷ்டம். உலகத்தில் விசித்திரங்களுக்குக் குறைவில்லை.

இரண்டாவது வழி, திறமைசாலிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, தனித்திறன் உள்ள மாணவர் பட்டியல் அனுப்புக. இன்னொன்று, கற்றல் குறைபாடு உள்ள மாணவர் பட்டியல் அனுப்புக. பதிவேடுகள் என் பொறுப்பு. இவள் பெயரை இரண்டாவதில் எழுதினேன். வியாழக்கிழமைதோறும் பஸ்ஸில் வரும் சிறப்பாசிரியை ஒருத்தி உண்டு, ஜெசிந்தா என்று. அவள் இரண்டு பட்டியலையும் பார்த்துவிட்டு, முதல் பட்டியலிலும் எழுதுங்கள் சார் என்றாள். அதெப்படி அம்மா, ஒரே ஆள் ஒரே சமயத்தில் கெட்டிக்காரியாகவும் மக்காகவும் இருக்க முடியும் என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் சார். அதுக்குத்தான என்னை வாரம் ஒருநாள் அனுப்பறாங்க."

தணிக்கையில் கேட்டால் யார் பதில் சொல்வது? எழுதவில்லை. ஜெசிந்தா என்னைச் சுற்றிக்கொண்டு போய் அந்த உறைவிடப் பள்ளிக்கே நேரில் போனாள். அவர்கள் மோகனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாய்மொழியாக ஏதேதோ கேட்டார்களாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூறு எடுத்தால் பதினோராம் வகுப்பில் இடம், பாடம் வாசித்துக் காட்டக் கம்ப்யூட்டர், தங்க இடம், சாப்பாடு. தொண்ணூறு இல்லாவிட்டால் கிடையாது. தொண்ணூறு வரவில்லை என்றால் அவளை ரிக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாக அப்பனும் சொல்லிவிட்டார். ஆக அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு தாள்தான் எல்லாம். அது எனக்கும் தெரியும். தெரியாமல் நான் ஒன்றும் செய்யவில்லை.

சொல்வதை எழுதுபவர் வேற்றுப் பள்ளி ஆசிரியராக இருக்க வேண்டும், அந்தப் பாடத்து ஆசிரியராக இருக்கக் கூடாது. இது விதி. எனக்கு ஜனவரியில் பக்கத்து ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. ஆகவே வேற்றுப் பள்ளி. நான் தமிழ், ஆகவே கணக்கு வாத்தியார் அல்ல. நானே கேட்டு வாங்கினேன். ஐந்து வருடம் அடித்து வளர்த்த பிள்ளையை யாரோ ஒருவர் கையில் கடைசி நாளில் விடுவதா? ஜெசிந்தா வீட்டுக்கே வந்து, அந்தப் பெண் பயப்படுகிறாள், விலகிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். பயம் நல்லதுதானே என்றேன்.

சும்மா போகவில்லை தம்பி. மூன்று வாரம் பத்தாம் வகுப்புக் கணக்கு கைடை உருப்போட்டேன். ஐம்பத்தொன்பது வயதில். அவளிடம் விடை மட்டும்தான் இருக்கும், படிகள் இருக்காது, படிக்குத்தான் மதிப்பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். படியை நான் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். முப்பத்தைந்து வாங்க வைத்துவிடலாம். தொண்ணூறு என்பதெல்லாம் ஜெசிந்தா மாதிரி சின்ன வயதுக்காரர்களின் கனவு.

தேர்வு நாளன்று தரைத்தளத்தில் ஓர் ஓர அறை. நான், அவள், ஒரு கண்காணிப்பாளர். கேள்வித்தாள் காவலுக்கு வந்த பெண் போலீஸ் வராந்தாவில். வடிவியல் படங்களை அவளே வரையலாம் என்று அனுமதி இருந்ததால் அவள் முன்னால் ஸ்கேலும் காம்பஸும். முதலில் படத்தை வரைந்துவிடுகிறேன் என்றாள். வரைந்தாள். இடது கையால். நான் பார்க்காதது போல இருந்தேன், தேர்வு நேரத்தில் எதற்கு என்று.

ஒரு மதிப்பெண் வினாக்களில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன், நான்கைந்தைத் தவிர. அவற்றில் எனக்கு ஐயம் இருந்தது. இரண்டு மதிப்பெண் வினாக்களில் அவள் விடையை மட்டும் சொன்னாள், மொட்டையாக. நான் கைடில் உள்ளபடி மேலும் கீழும் சேர்த்து ஒழுங்காக்கினேன். சேர்த்த இடங்களில் விடை கொஞ்சம் மாற வேண்டியிருந்தால் மாற்றினேன். படியும் விடையும் ஒத்துப்போக வேண்டுமல்லவா?

பிறகு கிணற்றுக் கணக்கு. கேள்வி இன்றும் மனப்பாடம். நான்கு மீட்டர் விட்டமுள்ள கிணறு இருபத்தொரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்படுகிறது. அந்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கொட்டினால் மேட்டின் உயரம் என்ன? நான் கேள்விக்குறிக்கு வந்து சேரும் முன்னால் சொல்லிவிட்டாள்.

"நாலு மீட்டருங்க."

எப்படி என்று கேட்டேன்.

"குழி நாலு, மேடு இருபத்தொண்ணு. ஆழம் இருபத்தொண்ணு. அப்ப உசரம் நாலு. அப்படியே எழுதுங்க சார்."

வட்டம் என்று ஒன்று வந்தால் இருபத்திரண்டின் கீழ் ஏழு வர வேண்டாமா? அது எங்கே என்று கேட்டேன். அது இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒன்றையொன்று தின்றுவிடும் என்றாள். கணக்கில் தின்பது, குடிப்பது எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டு, கைடில் இருந்த ஏழு படிகளையும் வரிசையாக எழுதினேன். இருபத்திரண்டின் கீழ் ஏழை நான்கு இடத்தில் போட்டேன். பார்க்கவே நிறைவாக இருந்தது. வெளிவட்டத்தின் ஆரத்துக்கு அகலம் மூன்றையே வைத்தேன். விடை பதினாறு புள்ளி எட்டு மீட்டர். கீழே இரண்டு கோடு போட்டேன்.

எழுத்துதான் அவளுக்கு வராது. எண் வரும். எட்டிப் பார்த்தாள்.

"பதினாறு மீட்டருங்களா? நாலு மீட்டர் கெணத்தோரத்துல பதினாறு மீட்டர் மேடு எப்படிங்க சார் நிக்கும்? சரிஞ்சு உள்ளயே உழுந்து மூடிக்கும். உள்ள ஆளு இருந்தா செத்துருவான்."

தேர்வுத்தாளில் ஆள் எங்கிருந்து வந்தான் என்றேன். அவள் கோடு போட்டு அழிக்கச் சொன்னாள். அடித்தல் திருத்தல் இல்லாத தாள்தான் திருத்துகிறவருக்கு நல்லெண்ணத்தை உண்டாக்கும், அது முப்பத்திரண்டு வருட அனுபவம். மாட்டேன் என்றேன். அவள் முன்பக்கங்களைத் திருப்பி எண்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பக்கம்.

"இதெதுவும் நாஞ் சொன்னது இல்லீங்க சார்."

கண்காணிப்பாளர் வரைபடத்தாள் வாங்கிவர வெளியே போயிருந்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி, தாளை இடது கையால் அழுத்தி, பேனாவை வைத்தேன். அடுத்த கேள்வியைப் படியுங்கள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அந்த இடது கை வந்தது மட்டும் தெரியும். ஆணி அடிப்பது போல ஒரே குத்து. கை, தாள், மேசை மூன்றும் ஒன்றாகிவிட்டன. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். கத்தவில்லை. ஐயோ என்றேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

பெண் போலீஸ்தான் ஓடி வந்து பிடுங்கினாள். ரேணுகாதேவி என்று பெயர். பிடுங்கும்போது குத்தியதைவிட வலி. ரத்தம் கிணற்றுக் கணக்கின் மேலேயே கொட்டியது. அவள் மோகனாவின் கையைப் பின்னால் முறுக்கிச் சுவரோடு வைத்து அழுத்தினாள். கன்னம் சுவரில் நசுங்கிய நிலையிலேயே அந்தப் பெண் கேட்கிறாள்: "இன்னும் எத்தன நேரங்க்கா இருக்குது?"

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். தேர்வை நிறுத்த அதிகாரமில்லை, எழுத வேறு ஆளில்லை. ரேணுகாதேவி சொன்னாள், "நான் ஸ்டேஷன்ல ரைட்டர் வேல பாத்திருக்கறேன் சார். வாக்குமூலம் எழுதிப் பழக்கம். அவ சொல்றத எழுதுவேன். நானா ஒண்ணும் சேத்தமாட்டேன்."

ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. கையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு அதே அறை மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே எல்லாம் கேட்டேன். மோகனா கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள், போலீஸ்காரி எழுதுகிறாள். அவள் கேட்டது இரண்டே கேள்வி: "ம்?" "அடுத்து?" இலக்கணமாவது, ஒழுங்காவது. அவள் எழுத்துநடையை நான் பிறகு விசாரணையில் பார்த்தேன். குழி நாலு என்றால் குழி நாலு என்றே எழுதுகிற ஜாதி.

விசாரணை மே கடைசியில், மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. எழுதுபவரைத் தாக்கினால் மூன்று வருடம் தேர்வெழுதத் தடை. ஆகவே தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். ரத்தம் காய்ந்து பழுப்பாகி இருந்தது. கணக்கு தெரிந்த ஓர் அம்மையார் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான் எழுதியது ஐம்பத்து மூன்று மதிப்பெண்ணுக்கு, கிடைத்தது இருபத்து நான்கு. போலீஸ்காரி எழுதியது நாற்பத்தேழு மதிப்பெண்ணுக்கு, கிடைத்தது நாற்பத்தேழு. மொத்தம் எழுபத்தொன்று. தமிழில் தத்தித் தத்தி முப்பத்தைந்து வாங்கியவள், கணக்கில் எழுபத்தொன்று. இதற்கு யாராவது எனக்கு ஒரு நன்றிச் சொல் சொன்னார்களா?

ஜெசிந்தா எழுந்து அதிகாரியிடம் சொன்னாள். இந்த ஆசிரியர், 'அவள் சொன்னதை நான் எழுதவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், இந்தத் தாள் ரத்தாகும், ஜூன் துணைத்தேர்வில் வேறு ஆளை வைத்து எழுதுவாள், உறைவிடப் பள்ளி ஜூன் முப்பது வரை இடத்தை வைத்திருக்கிறது. அதிகாரி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செங்கோட்டுவேலு கூடக் கைகட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வரிதான். ஆனால் பணியில் ஒரு மெமோ வாங்காதவன் நான். ஓய்வுக்குப் பதினொரு மாதம். பொய் எழுதினேன் என்று என் கையாலேயே எழுதுவதா? அதுவும் குத்துப்பட்ட கையால்? மறுபக்கம், அவளைத் தண்டியுங்கள் என்று எழுதவும் மனம் வரவில்லை. நான் கொடுமைக்காரன் அல்ல தம்பி. யோசித்தேன். யாரும் யோசிக்காத ஒரு வழி தோன்றியது. உங்களுக்குச் சொல்ல வந்த மூன்றாவது வழியும் அதுதான்.

இடது கையால் மெதுவாக எழுதினேன். முடித்ததும், விதிப்படி அதைப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்க வேண்டும். சாட்சிக்கு வந்திருந்த ரேணுகாதேவியிடம் கொடுத்தார்கள். அவள் புள்ளி விடாமல் வாசித்தாள்.

"மேற்படி மாணவி, தான் சொல்வது இன்னது, செய்வது இன்னது என்று அறியும் மனநிலை இல்லாதவர். அவர் சொன்ன விடைகள் யாவும் சொன்னபடியே என்னால் எழுதப்பட்டன. அறியாமல் செய்த செயலுக்காக அவரைத் தண்டிக்க வேண்டாம் என்றும், மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளியில் சேர்த்துப் பராமரிக்கலாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியில் அந்தப் போலீஸ்காரிக்குக் குரல் கம்மிவிட்டது. சரியாக வாசிக்கப் பழகாதவர்களுக்கு நீண்ட வாக்கியத்தில் அப்படி ஆகும்.

ஜெசிந்தா எழுந்து வெளியே போய்விட்டாள். அதிகாரிக்கு நிம்மதி, அது முகத்திலேயே தெரிந்தது. தடையும் இல்லை, மறுதேர்வும் இல்லை, கோப்பு முடிந்தது. மோகனா அப்போதுதான் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தாள். மேசைமேல் காகிதம் குத்துகிற ஊசிக்கம்பி ஒன்று இருந்தது. நான் அனிச்சையாகக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அதைத் தொடவில்லை.

"இதையும் நீங்களே எழுதிட்டீங்களா சார்," என்றாள்.

அவ்வளவுதான். அப்பன் பளாரென்று ஓர் அறை விட்டார். உதடு கிழிந்தது. தண்டனையிலிருந்து காப்பாற்றிய வாத்தியாரிடம் எகத்தாளமா என்று இன்னொன்று விட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கட்டை விரலை மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தாள். இடது கைதான். கைரேகைக்கு இடது பெருவிரல்தான் வைக்க வேண்டும், ஆகவே நான் ஆட்சேபிக்கவில்லை.

சிறப்புப் பள்ளியில் ஒன்பது நாள் இருந்தாள். ஜன்னல் கம்பியை மரையோடு கழற்றி அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாளாம். இப்போது ஒடிசாவிலோ எங்கோ அப்பனோடு ரிக்கில் இருக்கிறாள் என்று கேள்வி. உறைவிடப் பள்ளியிலிருந்து அந்த வருடம் என் வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு வாங்கினார்கள், பிறகு ஒன்றும் எழுதவில்லை.

இதையும் நீங்களே எழுதிட்டீங்களா என்றால் என்ன பொருள்? பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் வாக்குமூலத்தை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? முழு வாக்கியம் பேசத் தெரியாத பிள்ளை, பாவம்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். அலுவலகத்தில் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, விண்ணப்பம் நான் எழுதினால் எந்த மேசையிலும் தேங்கி நிற்காது. ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், மூக்குக்கண்ணாடி இதோ இருக்கிறது. குழந்தையைப் பற்றி நீங்கள் இன்னும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாதிரிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பெயர் மட்டும் சொல்லுங்கள்.